கூப்பிட்டால் போகிறவர்

யார் கூப்பிட்டாலும் அவர் போவார். பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, புதுவீட்டுக் குடிபூரல், பிள்ளையின் முதலாவது பிறந்தநாள், பழைய மாணவர் சங்கத்தின் கலைவிழா, எதுவானாலும் சரி. அழைப்பிதழ்கூட வேண்டியதில்லை. கடையில் மரக்கறி பொறுக்கும்போது யாராவது, "சனிக்கிழமை வீட்டிலை ஒரு சின்ன விசேசம், நேரமிருந்தால் வாங்கோ" என்று ஒப்புக்குச் சொன்னாலே போதும். சனிக்கிழமை காலையில் சமையலறை மேசையில் போர்வையை மடித்துப் போட்டு வெள்ளைச் சட்டையை அயன் பண்ணத் தொடங்கிவிடுவார். ஒருமுறை ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் ஒரு குடிபூரல். கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து அந்தப் புது வீட்டுக்கு நாற்பது நிமிட நடை. மாசி மாதம். அவர் போய்ச் சேர்ந்தபோது பால் காய்ச்சி முடிந்து ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். சப்பாத்துக்குள் பனி கரைந்து காலுறை நனைந்துபோயிருந்தது. வீட்டுக்காரருக்கு அவரைக் கூப்பிட்டதே ஞாபகமில்லை. ஆனாலும் ஆள் யாரென்று விளங்கியவுடன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நடு ஹோலில் நிறுத்தி எல்லோருக்கும் காட்டினாராம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். இதை அவர் என்னிடம் சொன்னபோது முகத்தில் சந்தோசமும் இல்லை, வருத்தமும் இல்லை. அலுவலகத்துக்குப் போய்வந்த மனிதர் போலச் சொன்னார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்நாளைய ரொறன்ரோவில் அவருக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. எல்லோருக்கும் அவர் கீப்பர் அண்ணை. எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணியின் கோல்கீப்பராகப் பதினொரு வருடம் நின்றவர். நான் அவரைவிடப் பதினைந்து வயது இளையவன், அதே ஊர். ஊரில் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்க்டேலில் ஏழாம் மாடியில் ஒற்றை அறை வீடொன்றை இரண்டு பேராகப் பங்கிட்டு இருந்த ஐந்து வருடங்களில்தான் அவரை அறிந்தேன். அவர் குயீன் வீதியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் ஒரு சட்டத்தரணியிடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன்.

அவரைக் கண்டவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒரு சாரார் அந்த அரையிறுதிப் பெனால்ட்டியைப் பற்றிப் பேசுவார்கள். வலப்பக்கம் பாய்ந்துவிட்டு, காற்றிலேயே உடம்பைத் திருப்பி, இடது கையால் பந்தைத் தட்டிவிட்டாராம். அதைப் பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்வார்கள். மற்றவர்கள் எதுவும் பேசாமல் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். அவர்கள் நினைப்பது இறுதியாட்டத்தை. அதே வருடம், அதே மைதானம், மூன்று பந்துகள் அவரைத் தாண்டி வலைக்குள் போயின. மூன்றாவது பந்து உருண்டு போனது. ஒரு சின்னப் பிள்ளை ஓடிப்போய்க் காலால் நிறுத்தியிருக்கலாம். எதிரணியிடம் ஏதோ வாங்கிவிட்டார் என்று ஊர் முழுக்கக் கதை. லீக் விசாரித்தது. ஆயுள் முழுவதும் எந்த அணிக்கும் விளையாடக்கூடாது என்று தடை விதித்தது. தான் எதுவும் வாங்கவில்லை என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஊரில் நடந்த சண்டையில் லீக்கும் இல்லாமல் போனது, மைதானமும் இல்லாமல் போனது. ஆனாலும் அந்தக் கதை மட்டும் அவரோடு விமானம் ஏறிக் கனடா வந்துவிட்டது.

புகழுக்காகத்தான் மனிதர் இப்படி வீடு வீடாக அலைகிறார் என்று முதலில் நான் நினைத்தேன். இரண்டாம் வருடம்தான் விசயம் தெரிந்தது. ஒருநாள் கட்டிலுக்குக் கீழிருந்த சூட்கேசை இழுத்து ஒரு நீல ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே கடிதங்கள். கோயில் தர்மகர்த்தா ஒருவர், பாதிரியார் ஒருவர், நாலைந்து சங்கங்களின் தலைவர்கள். இவரை எங்களுக்குத் தெரியும், எங்கள் சமூகத்தில் மதிப்புள்ளவர், எங்கள் விழாக்களுக்கு வந்து சிறப்பிப்பவர் என்று எழுதி ஒப்பமிட்ட கடிதங்கள். அவருடைய அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. மனிதாபிமான அடிப்படையில் இன்னொரு விண்ணப்பம் போடலாம், அதற்கு இந்த நாட்டில் வேரூன்றியவர் என்று காட்டவேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் வேர் தேடி வீடு வீடாக அலைந்திருக்கிறார். இரண்டு கடிதங்களில் ஆங்கிலம் மோசம். அதைத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவருடைய கடிதங்களை நான்தான் எழுதினேன். சங்கத்தார் கடிதத்தாளைத் தருவார்கள். நான் எழுதிக் கொண்டுபோனால் ஒப்பமிடுவார்கள். எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி தவறாமல் வரும்: நேர்மையான விளையாட்டு வீரர். என் கையே அதை எழுதப் பழகிவிட்டது.

மனைவியும் மகளும் வவுனியாவில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். மகளை அவர் கடைசியாகக் கண்டபோது அவளுக்கு இரண்டு வயது. ஞாயிறு காலைகளில் அவர்களின் அறைக்குப் பக்கத்துக் கடையின் தொலைபேசிக்கு எடுப்பார். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். மகள் எப்போதும் ஒன்றைத்தான் கேட்பாள் என்று அவர் பதிலிலிருந்தே தெரிந்துவிடும். எப்ப அப்பா எங்களைக் கூப்பிடுவியள்? "கெதியிலை, குஞ்சு" என்பார். விண்ணப்பம் முடியும்வரை அவர் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. போனால் திரும்ப முடியாது. அவர்களைக் கூப்பிடவும் முடியாது. இருக்கவும் உத்தரவாதமில்லை. அந்த அறைக்கும் குயீன் வீதிக்கும் விசேச வீடுகளுக்கும் இடையில் சுற்றிக்கொண்டிருப்பதைத் தவிர அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு ரீவியில் காட்டும் ரெஸ்லிங் மல்யுத்தத்தில் பைத்தியம். எங்கள் வீட்டு ரீவியில் எல்லா நிகழ்ச்சியும் வரும் என்பதால் மாடியில் இருந்த தமிழ்ப் பெடியன்கள் எங்களிடம்தான் கூடுவார்கள். ஒரு பங்குனி ஞாயிறு பின்னேரம் வருடாந்தப் பெரிய நிகழ்ச்சி நடந்தது. அண்ணை அதையெல்லாம் பார்ப்பதில்லை. சமையலறைத் தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வேலையில் கழுவியது போதாதென்று வீட்டிலும் அவர்தான் கழுவுவார்.

திரையில் அமெரிக்காவின் பழைய பேஸ்போல் நட்சத்திரம் ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, கறுப்புக் கோட்டு. ஒரு மோதலை அறிவிக்க வந்தவர், அறிவிப்பதற்கு முன்னால் அந்த நகரத்தின் பேஸ்போல் அணியைக் கேலிசெய்து இரண்டு வார்த்தை சொன்னார். அரங்கம் முழுக்கக் கூச்சல் போட்டது. அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் அண்ணை ஈரக் கையோடு வாசலுக்கு வந்தார். முகமூடி போட்ட இராட்சத மல்லன் ஒருவன் மேடையேறி, அந்த நட்சத்திரத்தைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பி, தலை கீழே படும்படி மேடையில் இறக்கினான். ஆளைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கொண்டுபோனார்கள். எங்கள் அறை சிரித்தது. நானும் சிரித்தேன்.

"ஆர் அந்த மனிசன்?" என்று அண்ணை கேட்டார்.

பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். பேஸ்போலில் அவரளவுக்குப் பந்தை அடித்தவர் யாருமில்லை. பிறகு ஆட்டங்களில் பந்தயம் கட்டினார் என்று குற்றம் வந்தது. ஆயுள்தடை. பேஸ்போல் ஆட்டங்களில் கட்டவேயில்லை என்று அவர் மறுத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்ப விளையாட்டுப் பக்கம் விடமாட்டினமோ?"

"விடமாட்டினம் அண்ணை. ஒரு வேலையும் குடுக்கமாட்டினம்."

அவர் கையிலிருந்த கோப்பையைத் துடைத்தார். அது காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப உதுக்குத்தானே கூப்பிடுவினம்" என்றார்.

யாரோ அதை ஒளிப்பதிவு செய்திருந்தார்கள். அடுத்த வாரம் அந்த நாடாவைக் கேட்டு வாங்கி, நான் வேலையால் வரும் நேரங்களில் பார்த்துக்கொண்டிருந்தார். தலைகீழாகத் தூக்கும் இடத்தை அவர் பார்க்கவில்லை. அந்த மனிதர் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து மேடைவரை நடக்கும் சில விநாடிகளைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். "நடையைப் பார், தம்பி. விளையாட வாற மாதிரியே வாறார்" என்றார்.

எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அப்போது நான் செயலாளர். தலைவர் உணவு விநியோகம் நடத்துபவர். பெரிய குரல், பெரிய மனசு என்று பெயர். ஊர் அணியில் கீப்பர் அண்ணைக்கு முன்னால் பின்வரிசை வீரராக நின்றவர். அந்த இறுதியாட்டத்தில் முழங்கால் உடைந்தும் வெளியே போகாமல் நின்று விளையாடியவர். அந்த முழங்கால் இன்னும் குளிருக்கு நோகும் என்று கூட்டங்களில் சொல்வார். சொல்லும்போது கீப்பர் அண்ணை இருக்கும் பக்கம் பார்க்கமாட்டார்.

கோடைகால ஒன்றுகூடலுக்கான நிர்வாகசபைக் கூட்டத்தில் தலைவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். எல்லோரும் அந்த ரெஸ்லிங்கைப் பார்த்திருந்தார்கள். கீப்பரை ஒரு கோலுக்குள் நிறுத்துவது. வந்திருப்பவர்கள் ஆளுக்கொரு பந்து அடிப்பது. கடைசியில் முகமூடி போட்ட ஒருவர் வந்து கீப்பரைத் தூக்கித் தலைகீழாகப் பிடிப்பது. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும் என்றார். சபை அப்போதே விழுந்து சிரித்தது. நான் அறிக்கைப் புத்தகத்தில் அதை ஐந்தாவது நிகழ்ச்சியாக எழுதினேன். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரிடம் போய்ச் சொல்லும் பொறுப்பையும் என்னிடமே தந்தார்கள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தலைவர் கடிதம் தருவாரா என்று மட்டும் கேட்டார். சொந்த ஊர்ச் சங்கத்தின் கடிதம் ஃபைலில் இல்லாதது பெரிய குறை என்று எங்கள் சட்டத்தரணி ஏற்கெனவே சொல்லியிருந்தார். தருவதாகச் சொன்னார் என்றேன்.

"அப்ப சரி."

அந்த ஆடி மாதம் ஸ்காபரோவில் ஒரு பெரிய பூங்காவில் ஒன்றுகூடல் நடந்தது. அண்ணை எங்கிருந்தோ ஒரு பச்சை ஜேர்சி வாங்கி வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது உடம்பு. ஆனாலும் கோலுக்குள் நின்று இரண்டு கையையும் அகட்டியபோது அது வேறு ஆள் போலிருந்தது. சின்னப் பிள்ளைகள் அடித்த பந்துகளை வேண்டுமென்றே விட்டார். பெரியவர்கள் அடித்ததில் ஒன்றையும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் சனம் சலித்துவிட்டது. தலைவர் கையைக் காட்டினார். மிசிசாகாவில் லொறி ஓட்டும் ஒரு நல்ல மனிதர் கறுப்பு முகமூடியோடு ஓடிவந்து, ஒரு குழந்தையைத் தூக்குவது போலப் பக்குவமாக அவரைத் தூக்கித் திருப்பினார். ஜேர்சி நழுவி முகத்தை மூடியது. வயிறும் விலா எலும்புகளும் வெளியே தெரிந்தன. சனம் சிரித்த சிரிப்பு பூங்காவின் மறுகோடியில் இருந்தவர்களையும் எழும்பிப் பார்க்கவைத்தது.

திரும்பிவரும்போது ஸ்ட்ரீட்காரில் அவர் ஜேர்சியை மடித்து மடியில் வைத்திருந்தார். அடுத்த வாரம் நான் கடிதத்தை எழுதிக்கொண்டு தலைவரிடம் போனேன். நிர்வாகசபை கூடிப் பேசவேண்டும் என்றார். மார்கழியில் கேட்டேன். அடுத்த ஒன்றுகூடல் முடியட்டும் என்றார்.

அடுத்த வசந்தத்தில் அந்த ரெஸ்லிங் நிகழ்ச்சி மீண்டும் வந்தது. இம்முறை அண்ணை முதலே வந்து ரீவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். மல்லனின் மோதலுக்கு முன் ஒரு பெரிய கோழி வேடம் துள்ளிக்கொண்டு வந்து அவனை முதுகுப் பக்கமாகத் தாக்கியது. அவன் பிடித்துக் கோழித்தலையைக் கழற்றினான். உள்ளே அதே பேஸ்போல் நட்சத்திரம். மறுபடியும் தூக்கித் தலைகீழாக இறக்கினான். பெடியன்கள் தரையில் உருண்டு சிரித்தார்கள். அண்ணை எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தலைவரும் இதைப் பார்த்திருப்பார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

தலைவர் பார்த்திருந்தார். ஒரு மஞ்சள் கோழி உடுப்பு வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். அந்த வருட ஒன்றுகூடலில் நான்தான் அண்ணைக்கு அதை மாட்டிவிட்டு முதுகுப்பக்கத்தைப் பூட்டும் சிப்பை இழுத்துவிட்டேன். நல்ல வெயில். உள்ளே போனவுடனேயே மூச்சுவிடும் சத்தம் பெரிதாகக் கேட்டது. கோழிக்கால்களோடு கோலுக்குள் போய் நின்றார். பந்துகள் வந்தன. அந்த உடுப்போடும் நாலைந்தைப் பிடித்தார். அப்போது தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"கோழிக்குள்ளை நிக்கிறது ஆரெண்டு தெரியுந்தானே? கீப்பர், இண்டைக்கு எவ்வளவுக்கு விக்கப்போறியள்?"

ஒரு கணம் யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். கோழி அசையாமல் நின்றது. அந்தத் தலைக்குள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்து வந்த பந்து அவர் பக்கத்தால் மெல்ல உருண்டு வலைக்குள் போனது. அவர் குனியவில்லை. முகமூடிக்காரர் வந்து தூக்கினார், திருப்பினார், இறக்கினார். எல்லாம் திட்டப்படி முடிந்தது.

நான் அவரைக் கழிப்பறைக் கட்டிடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனேன். தலையைக் கழற்றினேன். தலைமயிர் முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. சிப்பை இழுத்தேன். கழுத்துக்குக் கீழே துணியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. தர்ப்பூசணி வெட்டும் மேசையில் கத்தி இருந்தது. எடுத்துவந்து கிழிக்கப்போனேன்.

"கிழியாதை" என்றார். "தலைவற்றை பேரிலை எடுத்த உடுப்பு. கையெழுத்து இன்னும் வரேல்லை."

அவரைச் சுவரோடு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சோளம் வாட்டும் இடத்தில் வெண்ணெய் வாங்கிவந்து சிப்பில் பூசிப் பூசி இழுத்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம். மைதானத்தில் கயிறிழுத்தல் நடந்துகொண்டிருந்தது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு சைக்கிள், தம்பி."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"புதுச் சைக்கிள். டைனமோவோடை. அந்த ஃபைனலுக்கு முதல்நாள் பின்னேரம் கொண்டுவந்து வீட்டு வேலியோடை சாத்திவிட்டுப் போட்டினம். ஒண்டும் கேக்கேல்லை. நானும் ஒண்டும் சொல்லேல்லை. அதை நான் உள்ளை எடுத்து வைச்சன். அவ்வளவுதான் செய்தனான்."

"அம்மாவுக்குச் சுகமில்லையோ, காசுக் கஷ்டமோ?" என்று கேட்டேன். ஏதாவது ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று எனக்கு இருந்தது.

"ஒண்டுமில்லை. எனக்கு அது விருப்பமாயிருந்தது. அதிலைதான் பொம்பிளை பாக்கப் போனனான். அவ இண்டுவரைக்கும் அது நான் உழைச்சு வாங்கினதெண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா."

சிப் ஒரு அங்குலம் இறங்கியது. அவர் தோளை அசைத்துப் பார்த்தார்.

"நீ எழுதுற கடிதத்திலை நேர்மையான எண்டு ஒரு சொல் வருமே. தலைவற்றை கடிதத்திலை அதை எழுதாதை. அவர் எனக்கு முன்னாலை உடைஞ்ச காலோடை நிண்டவர்."

அந்தச் சொல் இல்லாவிட்டால் கடிதம் பலவீனமாகிவிடும் என்றேன். பரவாயில்லை என்றார். உடுப்பு கழன்றபோது உள்ளே போட்டிருந்த பனியனைப் பிழிந்து காயவைக்கவேண்டியிருந்தது.

அந்தக் கிழமையே கடிதத்தைப் புதிதாக எழுதிக்கொண்டு தலைவரின் சமையற்கூடத்துக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன். இந்தமுறை தராவிட்டால் செயலாளர் பதவியை விட்டுவிடுவது என்று நினைத்திருந்தேன். பெரிய அண்டா ஒன்றுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"மற்றக் கடிதங்களிலை நேர்மையான விளையாட்டு வீரர் எண்டு எழுதினனீ எண்டு கேள்விப்பட்டன். இதிலை ஏன் இல்லை?"

அவரே வேண்டாம் என்றார் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் சொல்லாததை அவர் எப்போதோ அறிந்துதான் இருந்தார்.

"ஒரு மட்ச் விட்டவன்" என்றார். "பதினொரு வருசம் பிடிச்சவன். எழுது."

என் பேனாவை வாங்கி, எந்த இடத்தில் அந்தச் சொல் வரவேண்டுமோ அங்கே ஒரு அடையாளம் போட்டுத் தந்தார். நான் அதைச் சேர்த்துத் திரும்பத் தட்டச்சு செய்து கொண்டுவந்தேன். ஒப்பமிட்டார். அண்ணையிடம் காட்டாமலேயே விண்ணப்பத்தோடு அனுப்பினேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வாசிக்க வராது. அதை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அடுத்த வருடம் பங்குனியில் பதில் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. கடிதத்தை நான் வாசித்துச் சொன்னபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு காலுறையைக் கழற்றினார். மற்றக் காலுறையோடு அப்படியே இருந்தார். அந்த ஞாயிறு வவுனியாவுக்கு எடுத்து, "கூப்பிடுறன், குஞ்சு, கூப்பிடப்போறன்" என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் திரும்பிப் படுக்கவில்லை, எழும்பி உட்கார்ந்திருந்தேன். பத்திரங்கள் ஓடி முடிய இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. ஆனால் அவர்கள் வந்தார்கள்.

ஒன்றுகூடல் கூட்டம் வந்தபோது நான் தலைவரிடம் ஒரு விசயம் மட்டும் சொன்னேன். கீப்பர் அண்ணையை இனிமேல் அந்த நிகழ்ச்சிக்குக் கேட்கவேண்டாம். அவருக்கு இனி அது தேவையில்லை. தலைவர் மறுக்கவில்லை. சரி, விடுவோம் என்றார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அண்ணை வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"என்னைக் கேளாமல் ஏன் சொன்னனீ?"

நான் திகைத்துப்போனேன். கடிதம் கிடைத்துவிட்டது, விண்ணப்பம் முடிந்துவிட்டது, இனி யாருக்கு முன்னால் கோழியாக நிற்கவேண்டும் என்று கேட்டேன். அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். தானே தலைவருக்குத் தொலைபேசி எடுத்ததாகச் சொன்னார். உடுப்பு வேண்டாம், தூக்குவதும் வேண்டாம், கோலுக்குள் மட்டும் நிற்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அப்படியென்றால் யாரும் பார்க்க வரமாட்டார்கள், பாட்டுப்போட்டியை வைத்துவிடலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பிழையுமில்லை. அண்ணை இரண்டு நாள் யோசித்திருக்கிறார். பிறகு திரும்ப எடுத்து உடுப்புக்கு ஓம் என்றிருக்கிறார்.

"ஏன் அண்ணை?"

அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டார்.

"அந்த மனிசனுக்கு ஆரும் கடிதம் குடுக்கிறதில்லையே. இந்த வருசமும் வந்தவர், பாத்தனீதானே." மூன்றாம் முறையும் அந்த நட்சத்திரம் அடிவாங்கப் போனதைச் சொன்னார். "எனக்கு அவரை விளங்குது. வலைக்கு முன்னாலை நிண்டுபார், தம்பி. சனம் சத்தம் போடேக்கை, சிரிக்கினமோ கைதட்டினமோ எண்டு உள்ளை நிக்கிறவனுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்கும். அந்தச் சத்தம் எனக்கு வேறை எங்கையும் கேக்கேல்லை."

ஐந்து வருடம் ஒரே அறையில் படுத்திருந்தும் அவரைப் பிடித்து வைத்திருந்தது அந்த நீல ஃபைல் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

அந்த ஆடியில் நான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். ஒன்றுகூடலுக்கு அவரை நானே ஏற்றிக்கொண்டு போனேன். வழிமுழுக்க அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பூங்காவின் வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தியதும், நீ உள்ளே வரவேண்டாம், ஆறு மணிக்கு வந்து ஏற்று என்றார். பிறகு இறங்கி, புல்வெளியைக் கடந்து, கூடாரங்கள் இருந்த பக்கமாக நடந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. ஒருதடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வீட்டுக்குப் போகவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு அங்கேயே இருந்தேன். நாலு மணியளவில், மரங்களுக்கு அப்பால், ஆட்கள் எல்லோரும் சேர்ந்து எழுப்பிய சத்தம் ஒன்று கேட்டது. காதைக் கொடுத்துக் கேட்டேன். அது எந்தச் சத்தம் என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.